திருமலையில் கச்சான் காற்றும் ஜிஞ்சர் பியரும்

முதலாம் நாள், வெள்ளி

யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு வவுனியா தாண்டியதும் ஒரு சோர்வு வரும். ஹொரவப்பொத்தானைப் பக்கம் காடும் வயலுமாக வீதி நீண்டுகொண்டே போகும். ஓகஸ்ட் மாதம். ஜன்னலால் வருகிற காற்றில் அடுப்படிச் சூடு. கச்சான் வீசும் காலத்தில்தான் கிழக்குக் கரையின் கடல் அடங்கிக் கிடக்கும், நிலமும் அப்போதுதான் காய்ந்து கருகும். கடல் பார்க்க ஆசைப்பட்டால் இந்தக் காற்றையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

பக்கத்து இருக்கையில் மச்சான். முப்பது வருடமாகக் கனடா. எல்லோரையும் போல ஸ்காபரோவில் வீடு, ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையில் வேலை, போன வருடம்தான் ஓய்வு. நேற்று இரவு என் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியை ஒரு பிடி பிடித்ததில் அவனுக்கு வயிறு சரியில்லை. பஸ் நின்ற இடத்தில் இறங்கி, வெயிலில் அடுக்கியிருந்த சோடாவில் ஒன்றை வாங்கி, சூடாகவே குடித்து முடித்துவிட்டான். எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஏன் கஷ்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவன் குடித்தது ஜிஞ்சர் பியர். எனக்கு அது மருந்து அல்ல. நம் ஊரில் புரியாணி சாப்பிட்டு வயிறு ஊதினால் ஜிஞ்சர் பியர், கலியாண வீட்டுச் சாப்பாடு செமிக்காவிட்டால் ஜிஞ்சர் பியர், ஏப்பம் வந்தால் போதும், மிச்சத்தை ஊற்றிவிடலாம். சிலர் சாராயத்தில் கலந்து அதன் வாயை அடைத்துவிடுவார்கள். அந்தப் பானத்தை அதற்காகவே, ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, உட்கார்ந்து குடிக்கிற ஆள் நான் ஒருவன்தான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இந்தப் பயணத்தில் கோயில், கடல், கோட்டை எல்லாம் உண்டு. ஆனால் நான் எழுதப்போவது பெரும்பாலும் போத்தலைப் பற்றித்தான். கோயிலை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம்.

திருமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூல்பார். கண்ணாடிக் கதவுப் பெட்டிக்குள் கீழ்த்தட்டில் பழுப்பு நிறத்தில் வரிசையாக நின்றன. யானைப் படம் போட்டது. 1866இல் கொழும்பில் ஐஸ் செய்து விற்கத் தொடங்கிய கொம்பனிதான் இன்றைக்கும் இதைச் செய்கிறது. ஐஸ் கொம்பனி ஒன்று சோடாவுக்கு வந்து சேர்ந்தது பொருத்தம்தான், குளிர் இல்லாவிட்டால் இந்தப் பானத்தில் பாதி இல்லை.

“ரெண்டு தாங்கோ. கண்ணாடிப் போத்தல். ஸ்ட்ரோ வேண்டாம்” என்றேன்.

“ஸ்ட்ரோ இல்லாமல் எப்பிடியடா?” என்றான் மச்சான்.

ஸ்ட்ரோ வைத்தால் மூக்குக்கு வேலை இல்லை. இஞ்சியின் பாதி மணத்தில் இருக்கிறது. குழாய் அதைத் தாண்டிக்கொண்டு நேரே தொண்டைக்குப் போய்விடும். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவன் ஸ்ட்ரோவால் முக்கால் போத்தலை முடித்துவிட்டான்.

மேலும் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு உவர்மலையில் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். அவர் வாசலிலேயே மறித்தார்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா பியர் போத்தலோடையா வந்து நிக்கிறியள்?”

“மாமி, இது வெறும் இஞ்சிச் சோடா” என்று மச்சான் சத்தியம் செய்தான்.

“அப்ப ஏன் பியர் எண்டு எழுதியிருக்கு?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நாலு நாள் பிடித்தது.

இரண்டாம் நாள், சனி

விடியவே கோணேஸ்வரம். கோட்டை வாசலால் உள்ளே போகும்போது மான்கள் வீதியோரம் படுத்திருந்தன, ஒன்று ஒருவர் கையிலிருந்த வாழைப்பழத் தோலை உரிமையோடு பிடுங்கிக்கொண்டது. 1622இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அந்தக் கற்களையும் சேர்த்துக் கட்டிய கோட்டை இது. இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்கு மேலே நின்று கீழே பார்த்தால் நீலம் கறுத்துக் கிடக்கிறது. பெரியம்மா அர்ச்சனைக்கு எங்கள் நட்சத்திரங்களைச் சரியாக நினைவு வைத்திருந்தார். மச்சானுக்கு அவனுடையது மறந்துபோயிருந்தது.

மத்தியானம் வெளியே தலை காட்ட முடியாத வெயில். பெரியம்மா வீட்டுக் குசினியில் ஒரு சோதனை செய்தோம். ஒரே ஜிஞ்சர் பியரை மூன்று விதமாக வைத்தோம். ஒன்று மேசையில் அப்படியே. ஒன்று பிரிட்ஜில் நாலு மணித்தியாலம். மூன்றாவது மேசையில் இருந்ததுதான், ஆனால் கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு.

முதலாவதைத் திறந்தவுடன் பாதிக் காஸ் வெளியே ஓடிவிட்டது. வாயில் வெறும் சீனிப் பாணி. அது எதிர்பார்த்ததுதான். காபனீரொட்சைட்டு குளிர்ந்த தண்ணீரில்தான் நன்றாகக் கரையும். 20 பாகையில் கரைவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு 0 பாகையில் கரையும். ஐஸ் போட்டது முதல் இரண்டு மிடறு நன்றாக இருந்தது, பிறகு இஞ்சி கழுவிய தண்ணீர் போல ஆகிவிட்டது. ஐஸ்கட்டியின் சொரசொரப்பில் குமிழி பிடித்துப் பொங்கிக் காஸும் சீக்கிரம் போய்விடுகிறது. பிரிட்ஜில் வைத்ததை, முன்பே குளிரவைத்த ஒடுங்கிய கிளாஸில், சரித்துப் பிடித்து மெதுவாக ஊற்றினேன்.

மச்சானிடம் கொடுத்து, “விழுங்காதே. நாக்கில் வைத்திரு” என்றேன்.

நல்ல ஜிஞ்சர் பியருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மூக்கு: வெட்டிய இஞ்சியின் பச்சை மணம், அதற்குள் கொஞ்சம் தேசிக்காய்த் தோல் போல ஒன்று. பிறகு குளிர். குளிர் நாக்கை மரக்கவைக்கும் முன்னமே காஸ் வந்து சுறுக்கென்று குத்தும். இந்தக் குத்தலைக் குமிழி வெடிப்பதால் வருவது என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். உண்மையில் நாக்கில் இருக்கிற ஒரு நொதியம் அந்த வாயுவை அமிலமாக்குவதால் வருவது அது. மலையேறுகிறவர்கள் உயரத்துக்காக எடுக்கிற ஒரு மாத்திரை அதே நொதியத்தை அடக்கிவிடும். அதைப் போட்டுக்கொண்டு பியர் குடித்தால், குமிழி எல்லாம் இருந்தும், காஸ் போனது போலத்தான் இருக்குமாம்.

காஸுக்குப் பின்னால் தித்திப்பு. அது வந்து தங்கக் கூடாது, வணக்கம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எல்லாம் போன பிறகு, விழுங்கி முடித்து வாய் வெறுமையான பிறகு, தொண்டையின் அடியிலிருந்து உறைப்பு எழும்ப வேண்டும். சீனித் தண்ணீரில் இஞ்சி வாசம் கலந்தவர்களுக்கு இந்தக் கடைசி இடத்தில்தான் குட்டு வெளிப்படும்.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இப்பதான் சுடுது” என்றான்.

பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரை. சனிக்கிழமைக் கூட்டம், பிள்ளைகள், பட்டம், வடை வண்டில்கள். கச்சான் காற்று முதுகில் அடிக்க, கச்சான் கொறித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நிலக்கடலைக்கும் காற்றுக்கும் ஒரே பெயர் வைத்த ஊரில் பிறந்ததில் எனக்கு ஒரு பெருமை. சூடான மணலில் வறுத்த கச்சானின் எண்ணெய்ப் பசையை ஜிஞ்சர் பியர் ஒவ்வொரு மிடறிலும் துடைத்துவிடுகிறது, அடுத்த கச்சான் மறுபடி முதல் கச்சான் ஆகிவிடுகிறது. இறால் வடைக்கும் இது சரி. மாங்காய் அச்சாறுக்குச் சரிவரவில்லை. புளியும் மிளகாயும் சேர்ந்து இஞ்சியை அமுக்கிவிட்டன. கலியாணத்தில் இரண்டு பக்கமும் வாயாடிகள் என்றால் குடும்பம் நடக்காது.

மூன்றாம் நாள், ஞாயிறு

நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். முட்டளவு தண்ணீரில் நின்றாலே பவளப் பாறையும் மீன்களும் தெரிகின்றன. சிறு சுறாக்கள் வரும் என்றார் படகோட்டி. ஒன்று வந்தது, எங்களைப் பார்த்துச் சலித்துத் திரும்பிப் போனது.

போகும்போது கடல் கண்ணாடி. வரும்போது மத்தியானக் காற்று எழும்பிவிட்டது. படகு தூக்கித் தூக்கிக் குத்த, எனக்குத் தலை சுற்றியது. பெரியம்மா காலையில் உப்புத் தடவிய இஞ்சித் துண்டு சுற்றித் தந்திருந்தார். அதை வாய்க்குள் அடக்கிக்கொண்டு கரையைப் பார்த்தபடி வந்து சேர்ந்தேன். 1988இல் டென்மார்க்கில் கடலுக்குப் பழக்கமில்லாத 80 கடற்படை மாணவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு கிராம் இஞ்சித் தூள் கொடுத்தவர்களுக்கு வாந்தி குறைந்ததாம். பெரியம்மாவிடம் சொன்னேன். “எண்பது பேரை வாந்தி எடுக்கவைச்சே கண்டுபிடிச்சவை?” என்று கேட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டவர் தங்குகிற ஒரு விடுதி. பானங்களின் பட்டியலில் ஜிஞ்சர் ஏல் என்று இருந்ததுதான் காரணம். இறக்குமதி. விலை கடை ஜிஞ்சர் பியரைப் போல ஆறு மடங்கு. மச்சான் டொலரில் கணக்குப் பார்த்துத் தலையாட்டினான், சரி என்று நானும் ஓடர் கொடுத்தேன்.

வந்தது பூச்சாடி அளவு கிளாஸ். கழுத்து வரை ஐஸ், அதற்குள் எலுமிச்சை வட்டம், புதினாக் கொத்து, கறுப்பு ஸ்ட்ரோ, ஒரு சின்னக் குடையும். இவற்றுக்கு நடுவில் எங்கேயோ ஜிஞ்சர் ஏல். கோபம் வந்தது, ஆனால் கொண்டுவந்த பிள்ளை அவ்வளவு மரியாதையாக வைத்துவிட்டுப் போனான். இரண்டாவது தடவை அவனைக் கூப்பிட்டு, “தம்பி, டின்னை உடைக்காமல் கொண்டுவாரும். வெறும் கிளாஸ் ஒன்று. வேறு ஒன்றும் வேண்டாம்” என்றேன். “குடையும் வேண்டாமா சேர்?” என்று அவன் உண்மையான கவலையோடு கேட்டான்.

கிளாஸில் ஊற்றியதும் வெளிறிய வைக்கோல் நிறம், அடி வரை தெரிகிற தெளிவு. ஜிஞ்சர் பியர் கலங்கலும் முரடுமான நாட்டுப்புறத்தான் என்றால் இது சலவை மடிப்புக் கலையாத உத்தியோகத்தர். இரண்டுக்கும் வித்தியாசம் பிறப்பிலேயே இருக்கிறது. ஜிஞ்சர் பியர் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து வீடுகளில் இஞ்சியும் சீனியும் போட்டு நொதிக்கவைத்த பானம். காஸ் தானாகப் பிறக்கும். பெரியம்மாவின் கேள்விக்கு விடை அதுதான், பியர் போல நொதித்ததால் அந்தப் பெயர். இப்போது கடைகளில் கிடைக்கிற பெரும்பாலான ஜிஞ்சர் பியர் அப்படி நொதித்ததல்ல, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜிஞ்சர் ஏல் பிறகு வந்தது. நொதிப்பதில்லை, இஞ்சிச் சாறும் சீனியும் சேர்த்த தண்ணீருக்குள் காஸை அடித்து ஏற்றுவார்கள். அயர்லாந்தின் பெல்பாஸ்டில் கன்ட்ரெல் என்ற மருத்துவர் தொடக்கிவைத்தது என்பார்கள். அது பொன் நிறம், இனிப்பும் கூட.

இன்று உலகம் குடிக்கிற இந்த வெளிறிய வகைக்கு ஊர் வேறு.

“மச்சான், இது எந்த ஊர்ச் சாமான் தெரியுமோ?”

“அமெரிக்கன்.”

“உன்ர ரொறன்ரோ.”

1904இல் ரொறன்ரோவில் ஜோன் மக்லாக்லின் என்ற மருந்தாளர் உருவாக்கியது. அதுவரை இருந்ததைவிட இனிப்புக் குறைவு, நிறம் குறைவு. அதனால்தான் பெயரிலேயே ‘டிரை’, கனடா டிரை. பிறகு 1920இலிருந்து 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. களவாகக் காய்ச்சிய சாராயத்தின் நாற்றத்தை மறைக்க இது வசதியாக இருந்தது, பெயர் பரவிவிட்டது. இவ்வளவு நுட்பமான பானம் நாற்றம் மறைத்துப் புகழடைந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

“அதோடை இன்னொண்டு. அந்த மக்லாக்லினின்ர தகப்பன் ஒஷாவாவில் குதிரை வண்டில் செய்தவர். தம்பி சாம் பிறகு ஜெனரல் மோட்டோர்ஸ் கனடாவுக்குத் தலைவர்.”

மச்சான் கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்தான். இருபத்தேழு வருடம் வேலை செய்த தொழிற்சாலை. “ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றான். “பிள்ளையளுக்கு வயித்துப் பிரட்டல் எண்டா மனுசி வாங்கிக் குடுக்கிறவ. காஸ் போகட்டும் எண்டு கரண்டியாலை கலக்கித்தான் குடுக்கிறது.”

“கலக்கியோ?”

“கலக்கித்தான்.”

நான் கடலைப் பார்த்தேன்.

அந்த டின் எப்படி இருந்தது என்று சொல்லவில்லையே. காஸ் அருமை. சன்னமான குமிழி, கிளாஸின் அடியிலிருந்து நூல் நூலாகக் கடைசி வரை எழும்பிக்கொண்டிருந்தது. இனிப்பு அளவு. மணம் மெல்லியது, மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால்தான் பேசும். இவ்வளவும் சரி. ஆனால் விழுங்கிய பிறகு நான் காத்திருந்த உறைப்பு வரவில்லை. டின்னைத் திருப்பி வாசித்தேன், இஞ்சி என்று எங்கும் இல்லை, சுவையூட்டி என்று இருந்தது. நல்ல வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, தேவாரம் தெரியாமல் வந்து நின்ற ஓதுவார்.

நாலாம் நாள், திங்கள்

பாலையூற்றில் பெரியம்மாவின் சிநேகிதி ஒருவர் இருக்கிறார். பறங்கியர். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள், அவர் பெரியம்மாவை இன்னும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். வெள்ளி இரவே பெரியம்மா அவருக்கு போன் போட்டிருக்கிறார், எங்களிடம் மூச்சு விடவில்லை. “உங்கடை பைத்தியத்துக்கு அவதான் வைத்தியம்” என்று மட்டும் சொல்லி ஓட்டோவில் ஏற்றிவிட்டார். தானும் ஏறிக்கொண்டார்.

அன்ரிக்கு எண்பது கிட்ட வயது. தகப்பனார் ஆங்கிலேயக் கடற்படைக் காலத்தில் டொக்யார்டில் வேலை செய்தவராம். 1957இல் கடற்படை போய்விட்டது, வீட்டில் ஜிஞ்சர் பியர் செய்கிற பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு பெரிய மண்சாடி நிறையப் போடுவார்கள். குசினி ஜன்னல் கட்டில் ஒரு கல்போத்தல் நின்றது. கிணறு இறைத்தபோது வந்ததாம். மேலே தேன் நிறம், கீழே சாம்பல் வெள்ளை, தூக்கினால் குழந்தைக் கனம். இந்த மாதிரிப் போத்தல்களில்தான் இங்கிலாந்திலிருந்து ஜிஞ்சர் பியர் கப்பலேறியது. கல்லுக்குள் இருந்தால் வெயில் படாது, உள்ளே காஸ் தள்ளினாலும் உடையாது.

பெரியம்மாவுக்கு வேறொரு போத்தல் நினைவு வந்தது. சின்ன வயதில் கடைச் சோடாவின் கழுத்துக்குள் கண்ணாடிப் போளை இருக்கும், விரலால் அமுக்கினால் வீல் என்று கத்திக்கொண்டு உள்ளே விழும். 1872இல் ஹிராம் கொட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை எடுத்த வேலை அது. போளையைக் காஸே மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும், தக்கையும் வேண்டாம் மூடியும் வேண்டாம். “போளைக்காக அண்ணா எத்தனை போத்தல் உடைச்சிருப்பான்” என்றார் பெரியம்மா. அந்த அண்ணன் மச்சானின் தகப்பன். இரண்டு பேரும் கொஞ்சம் பேசாமல் இருந்தார்கள்.

அன்ரி வெள்ளி இரவு போட்டதை நேற்று வடித்துப் போத்தலில் அடைத்திருந்தார். செய்முறையைக் கேட்டேன், ஒளிக்காமல் சொன்னார். ஐந்து லீற்றர் தண்ணீருக்குக் கால் கிலோ இஞ்சி, தோலோடு இடிக்க வேண்டும், அரைக்கக் கூடாது. முக்கால் கிலோ சீனி. கொதிக்கவைத்து, ஆறவைத்து, மூன்று தேசிக்காய் பிழிந்து, ஒரு பிடி பிளம்ஸ் (காய்ந்த திராட்சை), ஒரு சிட்டிகை ஈஸ்ட். முந்தி ஈஸ்ட் ஏது, அம்மா கள்ளு மண்டிதான் விடுவார் என்றார். துணியால் வாய் கட்டி இரண்டு நாள். ஈஸ்ட் சீனியைத் தின்று காஸைத் தரும், கொஞ்சம் வெறியும் தரும், ஆனால் இரண்டு மூன்று நாளில் அது பேருக்குத்தான்.

“அப்ப கொஞ்சம் இருக்கோ?” என்றார் பெரியம்மா.

“பேருக்குத்தான் ரீச்சர். இண்டைக்குத் திங்கள்தானே.”

ஒவ்வொரு போத்தலிலும் ஒரு பிளம்ஸ் போட்டு அடைப்பார்களாம். அது அடியில் கிடந்தால் இன்னும் ஆகவில்லை. எழும்பி மிதந்தால் உடனே பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும், குளிரில் ஈஸ்ட் உறங்கிவிடும். அதோடு ஒரு பிளாஸ்டிக் போத்தலையும் எப்போதும் கூட நிரப்பி வைப்பார். அமுக்கிப் பார்த்துக் கல்லுப் போல இறுகியிருந்தால் கண்ணாடிப் போத்தல்களும் அதே நிலையில்தான் இருக்கின்றன என்று அர்த்தம். ஒரு நத்தாருக்குப் பூசைக்குப் போய் வந்து பார்த்தால் இரண்டு போத்தல் வெடித்துக் கூரை வரைக்கும் கறையாம். ஓட்டு மரத்தில் அந்தக் கறையைக் காட்டினார். எனக்குப் பல்லியின் நிழல் போலத்தான் தெரிந்தது, ஆனாலும் பார்த்தேன்.

“இன்னொரு சாமான் சொல்லேல்லை” என்றார் கடைசியில். “வடிக்கிற நேரம் தட்டிப் போட்ட சுக்கு, பெருவிரல் அளவு.”

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. இஞ்சியின் உறைப்புக்குக் காரணமான ஜிஞ்சரோல், காயும்போது ஷோகோல் என்ற வேறொன்றாக மாறுகிறது. இஞ்சிக்கு ஜப்பானியர் சொல்கிற ஷோகா என்ற சொல்லிலிருந்து வைத்த பெயர். உறைப்பு அதில் அதிகம். காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு என்று நம்மவர்கள் இரண்டையும் வேறு வேறாக வைத்தது சும்மா இல்லை. இஞ்சி வாயின் முன்பக்கம் சுடும், சுக்கு தொண்டையின் பின்பக்கம் சுடும். நேற்று அந்த டின்னில் நான் தேடியது இந்தப் பெருவிரலைத்தான்.

ஜிஞ்சர் என்ற சொல்லே இஞ்சிவேரிலிருந்து கிளம்பி, பாளியில் சிங்கிவேர ஆகி, கிரேக்கத்தில் ஜிங்கிபெரிஸ் ஆகி, ஆங்கிலத்தில் இறங்கியது என்று மச்சானிடம் சொன்னேன்.

“அப்ப நேற்று அந்தப் பெடியனிட்டைத் தமிழிலைதான் ஓடர் குடுத்திருக்கிறம்” என்றான்.

அன்ரி கால் வைத்த சின்னக் கிளாஸ்களில் ஊற்றினார். கலங்கல். பழைய ஓலை போன்ற மஞ்சள். நுரை மெல்லியது, ஆனால் வெள்ளையாக நின்றது. கடைப் போத்தலின் குத்தல் இல்லை. காஸ் மிருதுவாக, வாய் முழுக்க விரிந்தது. இனிப்பைப் பாதிக்கு மேல் ஈஸ்ட் தின்றுவிட்டதால் தேசிக்காய்ப் புளி முன்னுக்கு வந்தது, அப்பம் புளித்த மாவின் ஒரு வாசமும் கூடவே. விழுங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். ஐந்தில் எழும்பியது. மெதுவாக, அடித்தொண்டையிலிருந்து, நெஞ்சுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில். வெளியே கச்சான் காற்று முருங்கையை முறித்துக்கொண்டிருந்தது, எனக்கு நெற்றி வியர்த்து அதே காற்றில் குளிர்ந்தது.

யாரும் பேசவில்லை. பெரியம்மா கிளாஸை நீட்டினார், இன்னும் கொஞ்சம் என்று.

ஐந்தாம் நாள், செவ்வாய்

காலை கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறு, ஏழு சூடு. வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு வந்தோம், உடம்பு இலேசானது.

பத்து மணிக்கு பஸ். அன்ரி நேற்று ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பித் தந்தது மடியில், ஈரத் துவாயில் சுற்றியபடி. கண்ணாடியில் தர மறுத்துவிட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மூடியை இளக்கிவிட வேண்டும், மறந்தால் பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் அபிஷேகம்தான் என்று மூன்று தடவை சொல்லியிருந்தார். மச்சான் போனில் அலாரம் வைத்துவிட்டு உறங்கிப்போனான்.

ஹொரவப்பொத்தானை தாண்டி முதல் அலாரம். துவாய் காய்ந்துவிட்டது, போத்தல் கல்லுப் போல. மூடியை ஒரு நூல் திருகினேன். ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு மூச்சு. இஞ்சி மணம் பரவ, முன் இருக்கை ஐயா திரும்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி அது?”

“இஞ்சிச் சோடா ஐயா. வீட்டிலை செய்தது.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் பையைத் திறந்து, தண்ணீர் குடிக்கிற எவர்சில்வர் பேணியை எடுத்து, இருக்கைக்கு மேலால் நீட்டினார்.